கேக்குற நாள்

பிறந்தநாள் என்றால் எல்லார் வீட்டிலும் கேக்கு வெட்டுவார்கள். அந்த வீட்டிலும் வெட்டினார்கள். ஆனால் பதினேழு வயது வரைக்கும்தான். பதினெட்டு நிறைகிற அன்று கத்திக்கு வேலை கிடையாது. "இது கேக்கு வெட்டுற நாள் இல்லைங்க, கேக்குற நாள்!" என்று வீட்டுக்காரர் அறிவிப்பார். அவர் லிஃப்ட் மெக்கானிக். தானே ஜோக் சொல்லி, தானே முதலில் சிரித்துவிட்டு, மற்றவர்கள் சிரிக்கிறார்களா என்று ஒவ்வொரு முகமாகப் பார்க்கிற மனிதர்.

அந்த வழக்கம் பரம்பரையாக வந்ததல்ல. அவருக்குப் பதினெட்டு நிறைந்த அன்று வீட்டில் ஒருவருக்கும் அது ஞாபகமில்லை. கல்யாணமான புதிதில் அதைச் சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் உடைந்தது. "நம்ம பிள்ளைங்களுக்கு நாம அப்படிச் செய்ய வேண்டாங்க. நாமளா ஒண்ணு ஏற்படுத்திக்குவோம்" என்று அவர் மனைவி சொன்னாள். பிள்ளைகளே பிறக்காத அந்தக் காலத்தில், இரண்டு பேரும் பாயில் உட்கார்ந்து, ஏதோ அரசியல் சட்டம் எழுதுகிறவர்களைப் போல எழுதினார்கள். முதலாவது, அன்று பொழுது விடிந்ததிலிருந்து விளக்குப் போடுகிற வரை பிள்ளையை எல்லாரும் "நீங்க, வாங்க" என்றுதான் கூப்பிட வேண்டும். இரண்டாவது, அப்பாவின் கைவைத்த நாற்காலி அன்று பிள்ளைக்கு. சாப்பிட்டு முடித்ததும் அப்பா "கேளுங்க" என்பார். பிள்ளை மனதில் இருக்கிற ஒன்றைக் கேட்கலாம். மூன்றாவது விதியை அவள்தான் சேர்த்தாள். அன்று முழுக்கப் பெரியவர்கள் வாயில் "வேண்டாம்" என்ற சொல் வரக் கூடாது. வந்தால் ஒற்றைக் காலில் நின்று பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

"நம்மளை வளர்த்தவங்க அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியே வளர்த்தாங்க. ஒரு நாளாவது அது இல்லாம இருக்கட்டும்" என்றாள். அவர் கைதட்டினார்.

நான்கு வருடத்துக்கு முன்னால் பெரியவனுக்கு அந்த நாள் வந்தது. ஐந்தடி பத்தங்குலம் வளர்ந்த பிள்ளை அப்பாவின் நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, "என்ன ஓய், தண்ணி எங்க?" என்று அதிகாரம் பண்ண, அவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு "இதோ எஜமான்" என்று ஓட, வீடே வயிறு வலிக்கச் சிரித்தது. சாப்பாடு முடிந்தது. "கேளுங்க சார்" என்றார் அவர்.

"உங்க பைக். தனியா. ஏரிக்கரை வரைக்கும் போயிட்டு வரணும்."

முந்தின நாள் மழை. தெருவில் இன்னும் ஈரம் காயவில்லை. அவள் வாயைத் திறந்தாள். "அண்ணி, ஜாக்கிரதை! ஒத்தைக் கால்!" என்று நாத்தனார் கத்தினாள். வீட்டுக்காரர் உதட்டில் விரலை வைத்துக் கண்ணடித்தார். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். வந்த வார்த்தையை விழுங்கிவிட்டு, "ஹெல்மெட் போட்டுக்கோங்க" என்று மட்டும் சொன்னாள். போட்டுக்கொண்டுதான் போனான். வாரைத்தான் மாட்டவில்லை. நாலு தெரு தாண்டியதும் ஒரு லாரி ரிவர்ஸில் வந்துகொண்டிருந்தது.

அதற்குப் பிறகு பெரியவன் அந்த வீட்டின் முன்னறையில்தான் இருக்கிறான். கண் திறந்திருக்கும். சில நேரம் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வரும். அதை அவன் பேச்சு என்று அவள் சொல்வாள்; டாக்டர் ஒன்றும் சொல்ல மாட்டார். மூக்கு வழியாகக் குழாயில் சாப்பாடு. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் அவனைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். தவறினால் முதுகில் புண் வந்துவிடும். வைத்த ஆட்களில் ஒருத்தர் பத்து நாளில் நின்றுவிட்டார். இன்னொருத்தர் செல்போனைப் பார்த்துக்கொண்டே இருந்து இடுப்பில் உள்ளங்கை அகலத்துக்குப் புண்ணை வரவழைத்துவிட்டார். அதற்கப்புறம் அவள் யாரையும் வீட்டுக்குள் விடவில்லை.

புரட்டுகிற வேலையைத் தன்னுடையதாக எடுத்துக்கொண்டவள் சின்னவள். அண்ணனுக்கு அடிபட்டபோது அவளுக்கு வயது பதினாலு. ஆள் அரைப்படி, பேச்சு ஆறு படி. அதனால் வீட்டில் அவள் பெயர் கடுகு. எதிர்ப்பக்கத்து முழங்காலை மடக்கி, தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிடித்து, "ஒண்ணு, ரெண்டு, ஹோய்" என்று ஒரே இழுப்பில் தன் பக்கம் சாய்த்து, முதுகுக்கு ஒரு தலையணை, முழங்கால்களுக்கு நடுவில் ஒரு தலையணை என்று வைத்துவிடுவாள். பள்ளிக்கூடத்தில் மதிய வகுப்புக்கு மாற்றிக்கொண்டாள். காலை முழுக்க அவள் அண்ணனோடு. மதியத்துக்கு மேல் அம்மா. இருவரும் வாசலில் சந்தித்துக்கொள்வார்கள். ஒருத்தி செருப்பைக் கழற்றுவாள், ஒருத்தி மாட்டுவாள். "பதினோரு மணிக்கு இடது பக்கம் வச்சேன்மா." "ம்." இதுதான் நாலு வருடமாக அவர்கள் அதிகமாகப் பேசிக்கொண்ட பேச்சு.

இப்போது பள்ளிக்கூடமும் முடிந்துவிட்டது. கடுகுக்குப் பதினெட்டு நிறைய இன்னும் பன்னிரண்டு நாள்.

நாத்தனார்தான் வந்து காதில் போட்டாள். ரயில் நிலையத்தில் டிக்கெட் கவுன்ட்டரில் வேலை பார்ப்பவள். இரண்டு தெரு தள்ளித் தனியாக இருக்கிறாள். எதையும் அடக்கிவைக்கத் தெரியாது.

"அண்ணி, நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க. உங்க பொண்ணு என் கவுன்ட்டருக்கு வந்து ரயில் நேரம் கேட்டா. காலையில ஏறினா சாயங்காலம் போய்ச் சேர்ற ஊரு. நிலம் அளக்குற படிப்பாம். இடம் கிடைச்சிருக்காம். ஹாஸ்டலும் உண்டாம்."

"எப்போ பதில் சொல்லணுமாம்?"

"அதுதான் வேடிக்கை. அவ பிறந்தநாள் அன்னிக்குச் சாயங்காலம் அஞ்சு மணிதான் கடைசி."

 எப்போது, எந்த நாற்காலியில் உட்கார்ந்து அந்தக் கேள்வி வரும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

மறுநாள் வேலையில் கை ஓடவில்லை. அவள் வேலை பார்ப்பது ஒரு கண்ணாடிக் கடையின் பின்னறையில். வட்டமாக வருகிற லென்ஸை ஃபிரேமுக்குத் தக்கபடி இயந்திரத்தில் ஓரம் தேய்த்து மாட்ட வேண்டும். அன்று ஒரு வாத்தியாரின் கண்ணாடியில் வலது லென்ஸை இடதுக்கும் இடது லென்ஸை வலதுக்கும் மாட்டி அனுப்பிவிட்டாள். பவர் பார்க்கிற அக்கா அதைக் கையில் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"ஏம்மா, அந்த மனுஷன் மேல உனக்கு என்ன கோபம்? கடைப் படியிலயே தடவித் தடவி இறங்கினார். சமவெளியை மலைன்னு நினைச்சுட்டார் போல."

அவள் சிரிக்கவில்லை. விஷயத்தைச் சொன்னாள்.

"கேட்டா அனுப்பேன்" என்றாள் பவரக்கா.

"அவ போனா அவனை யாருக்கா புரட்டுவா? எனக்கு மணிக்கட்டு போயிருச்சு. அவருக்குத் தோள் போயிருச்சு."

பவரக்கா கண்ணாடியை மேசையில் வைத்தாள். "பதினெட்டு வயசுல நான் என்ன பண்ணிட்டிருந்தேன் தெரியுமா? ரெண்டு கையையும் விட்டுட்டு சைக்கிள் ஓட்டிட்டிருந்தேன். இப்போ இந்த நிமிஷம் உன் பொண்ணு என்ன பண்ணிட்டிருப்பா?"

அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பத்தரை. அண்ணனின் மூக்குக் குழாயைக் கழுவிக்கொண்டிருப்பாள். 

அன்று மாலை மெதுவாக ஆரம்பித்துப் பார்த்தாள். "கடுகு, இந்த வருஷம் அந்த நாளெல்லாம் எதுக்குடி? பெரியவன் இப்படி இருக்கறப்போ கொண்டாட்டம் ஒரு கேடா?"

துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "அண்ணனுக்குக் கிடைச்சுது. எனக்கும் வேணும்."

"அவனுக்குக் கிடைச்சதாலதான்..."

"அம்மா." கடுகு மடித்த துண்டை அப்படியே மடியில் வைத்தாள். "நாலு வருஷமா நான் எதுவும் கேக்கலை. எண்ணிப் பாரு. ஒரு ரிப்பன் கூடக் கேக்கலை. எனக்கு என் நாள் வேணும்."

எண்ணிப் பார்க்கத் தேவையில்லை. உண்மைதான்.

அந்தப் பன்னிரண்டு நாளும் அவள் தனக்குள்ளே ஒத்திகை பார்த்தாள். கேட்டதும் "சரிங்க" என்று சொல்ல வேண்டும். குழாயடியில் சொல்லிப் பார்த்தாள். இயந்திரத்தின் இரைச்சலில் வாய்விட்டே சொல்லிப் பார்த்தாள். "போயிட்டு வாங்க. நல்லாப் படிங்க." சொல்ல வந்தது. ஒரு தரம் சொன்னபோது சந்தோஷமாகக்கூட இருந்தது. மகள் வெயிலில் ஒரு பெரிய வெளியில், முக்காலி போட்ட கருவிக்குப் பின்னால் ஒரு கண்ணை மூடிக்கொண்டு நிற்கிற மாதிரி தோன்றியது. என்னால் முடியும் என்று நினைத்தாள்.

பிறந்தநாள் விடிந்தது.

"எழுந்தாச்சுங்களா, மகாராணி கடுகு அவர்களே?" என்று வீட்டுக்காரர் கதவுக்கு வெளியே நின்று குரல் கொடுத்தார். நாலு வருடத்துக்குப் பிறகு அவர் குரலில் அந்தப் பழைய குறும்பு எட்டிப் பார்த்தது. நாத்தனார் லீவு போட்டுவிட்டு ஏழு மணிக்கே வந்துவிட்டாள். வந்ததும் பொறி வைக்க ஆரம்பித்தாள்.

"அண்ணா, டீயில இன்னும் ரெண்டு கரண்டி சர்க்கரை போடவா?"

"வே..." என்றவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். "வேற யாருக்காவது போடும்மா தாயே!"

"தப்பிச்சுட்டார்!" என்று கடுகு குதித்தாள்.

"அத்தை, உங்களுக்கு ஒரு மாப்பிள்ளை பாக்கட்டுமா?"

நாத்தனார் வாயைத் திறந்து மூடினாள். "பாருங்க, பாருங்க. கண்ணு தெரியாதவனா பாருங்க. அப்போதான் ஒத்துக்குவான்."

அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே நாற்காலியைத் துடைத்தாள். நாலு வருடமாக அதில் யாரும் உட்காரவில்லை. துவைத்த துணிகளைப் போட்டுவைக்கிற இடமாகிவிட்டது. துணியை எடுத்ததும் கைப்பிடியில் வார்னிஷ் உரிந்த இடம் தெரிந்தது. பெரியவன் அன்று தாளம் போட்டுக்கொண்டே இருந்த இடம் அதுதானா என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரியவில்லை.

முன்னறையில்தான் சாப்பாட்டு மேசை. பெரியவனின் கட்டிலுக்கு நாலடி தள்ளி. கடுகு நீலச் சட்டை போட்டுக்கொண்டு நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள். கால் தரையை முழுதாகத் தொடவில்லை. அவளுக்குப் பிடித்ததாகச் சமைத்திருந்தார்கள். பாதிச் சாப்பாட்டில் மணி ஒன்றானது. வழக்கம்போல கடுகு எழுந்தாள், புரட்டுகிற நேரம்.

"உக்காருங்க மகாராணி" என்றார் அவள் அப்பா. "நாங்க எதுக்கு இருக்கோம்?"

அவரும் நாத்தனாரும் கையைக் கழுவிவிட்டுக் கட்டிலின் இரண்டு பக்கமும் போய் நின்றார்கள். அவர் தோளைத் தொங்கவிட்டு நின்ற விதமே புதிதாக இருந்தது. "ஒண்ணு, ரெண்டு, ஹோய்." பெரியவன் ஒரு சுருக்கம் விழாமல் திரும்பினான். முதுகுக்குத் தலையணை. முழங்கால்களுக்கு நடுவில் தலையணை. நாத்தனார் குனிந்து அவன் காதை மடங்காமல் எடுத்துவிட்டாள்.

காதை எடுத்துவிட வேண்டும் என்பது கடுகு சொல்லிக்கொடுத்தால் தவிர யாருக்கும் தெரியாது.

பரிமாறிக்கொண்டிருந்தவள் கையில் கரண்டியோடு நின்றாள். பழகியிருக்கிறார்கள். தான் கடையில் இருக்கிற நேரமாகப் பார்த்து, இரண்டு வாரமாகவோ ஒரு மாதமாகவோ, மூன்று பேரும் இந்தக் கட்டிலைச் சுற்றி நின்று பழகியிருக்கிறார்கள். எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. கவுன்ட்டரில் ரயில் நேரம் கேட்டாள் என்று நாத்தனார் வந்து சொன்னதுகூடத் தன்னைத் தயார்படுத்தத்தான். அன்பாகத்தான் செய்திருக்கிறார்கள். அவளுக்கு அது புரிந்தது. 

சாப்பாடு முடிந்தது. வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார். "கேளுங்க" என்றார்.

கடுகு சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த பெரிய தாளை எடுத்து மேசையில் விரித்தாள். ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டிருந்தாள். ஏழு நாள், பகலும் இரவும், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு கட்டம். நீலம் அப்பா. பச்சை அத்தை. ஆரஞ்சு, ஆஸ்பத்திரியில் பயிற்சி எடுத்த ஒரு நர்ஸ்; வாரத்தில் நாலு நாள்.

"அவங்களை நானே போய்ப் பாத்தேன்மா. ஸ்மார்ட்போனே வச்சுக்க மாட்டாங்க, பட்டன் போன்தான். அப்பா இனிமே காலை ஷிஃப்ட் மட்டும் கேட்டு வாங்கிட்டார். அத்தை இங்கயே வந்து தங்கிக்கறாங்க. பாரு, இந்த மஞ்சள்தான் நீ. சாயங்காலம் மட்டும்தான் உனக்கு. ராத்திரி எதுவுமே கிடையாது. நீ தூங்கலாம்." பேச்சு அவளை மீறி வேகமெடுத்தது. "எனக்கு இடம் கிடைச்சிருக்கும்மா. நிலம் அளக்குற படிப்பு. மூணு வருஷம். வெளியிலயே நடந்துக்கிட்டே இருக்கலாம். நான் போகட்டுமா? இதுதான் நான் கேக்குறது."

அவள் அந்தக் கட்டங்களைப் பார்த்தாள். ஒன்றும் விட்டுப்போகவில்லை. திருவிழாவுக்குப் போகிற பிள்ளை செருப்பைத் துடைத்து வாசலில் வைத்திருப்பது போல அத்தனை நம்பிக்கையோடு மகள் எழுதியிருந்தாள். "சரிங்க" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். பன்னிரண்டு நாள் ஒத்திகை.

நிமிர்ந்தாள். அதே நாற்காலி. அதே மேசை. வாசல் கதவு திறந்திருந்தது. தெருவில் ஏதோ வண்டி ரிவர்ஸில் வருகிற சத்தம். வீட்டுக்காரர் முகத்தில் சிரிப்பு தயாராக நின்றது.

"வேண்டாம்" என்றாள்.

"அண்ணி அவுட்!" என்று நாத்தனார் கையைத் தட்டினாள். ஒரு தட்டல்தான். இரண்டாவது தட்டலுக்குப் பிரிந்த கைகள் அப்படியே நின்றுவிட்டன.

"வேண்டாம்" என்று அவள் மறுபடி சொன்னாள். குரல் அவளுடையதாக இல்லை. "அன்னிக்கு என் வாயை அடைச்சீங்க. ஒத்தைக் கால், ஒத்தைக் கால்னு சிரிச்சீங்க. நானும் இளிச்சேன். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தா..." கையை நீட்டிக் கட்டிலைக் காட்டினாள். "பாருங்க. நல்லாப் பாருங்க. இன்னிக்கும் என்னைச் சரின்னு சொல்லச் சொல்றீங்களா? வேண்டாம். இவ போக வேண்டாம்."

  கட்டிலில் படுத்திருக்கிறவனை விடப் பெரிய சாட்சியை யார் கொண்டுவருவார்கள்?

கடுகு தாளை மடித்தாள். பழைய மடிப்பிலேயே, நாலாக. "சரிம்மா" என்றாள். நாற்காலியிலிருந்து இறங்கித் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டு உள்ளே போனாள். தட்டுகள் ஒன்றோடொன்று இடிக்கவில்லை. அவ்வளவு பார்த்து அடுக்கினாள்.

மூன்று மணி சுமாருக்கு வீட்டுக்காரர் மாடிப்படியில் வந்து மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்தார். கைகளை விரித்துப் பார்த்தார். எத்தனை தேய்த்தாலும் போகாத கிரீஸ் நகக்கண்களில் இருந்தது.

"பைக் சாவியைக் குடுத்தது நான்" என்றார்.

அவள் தலையைத் திருப்பி அவரைப் பார்த்தாள்.

"நாலு வருஷமா நீ என்னை ஒரு வார்த்தை திட்டலை. ஆஸ்பத்திரியில வச்சுத் திட்டுவேன்னு நினைச்சேன். வீட்டுக்கு வந்தப்புறம் திட்டுவேன்னு நினைச்சேன். 'சாப்பிட வாங்க'ன்னு கூப்பிட்டே. அன்னிக்கே என் சட்டையைப் பிடிச்சு உலுக்கியிருந்தா, இன்னிக்கு அந்தக் குழந்தை மேல இது விழுந்திருக்காதும்மா."

அவளுக்கு அழுகை வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மகனுக்குச் சொல்ல வேண்டியதை மகளுக்குச் சொல்லியிருக்கிறாள். நாலு வருடம் தொண்டையில் கிடந்து அழுகிய வார்த்தை, ஆள் மாறி விழுந்துவிட்டது.

"இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்கு" என்றார் அவர். "போய்ச் சொல்லு."

அவள் எழுந்து போனாள். கடுகு தன் அறையில் தரையில் உட்கார்ந்து பழைய பள்ளிக்கூட நோட்டுகளைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள். அவள் எதிரில் உட்கார்ந்தாள். முழங்கால் வலித்தது.

"கடுகு, நீங்க போங்க."

மகள் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டாள்.

"நான் சொன்னது தப்பு. பயத்துல சொல்லிட்டேன். உன்கிட்ட சொன்னதே இல்லை அது. நீ எழுதினது எல்லாம் சரியா இருக்கு. நான் அவனைப் பாத்துக்கறேன். அத்தை இருக்கா, அப்பா இருக்கார். இப்பவே காலேஜுக்குப் போன் பண்ணு. நான் வேணா ஒத்தைக் கால்ல நிக்கிறேன்." நிற்கத்தான் போனாள். சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து ஒரு காலைத் தூக்கினாள்.

"அம்மா, உக்காரு. விழுந்துடுவே."

"போவியா?"

கடுகு அவளை நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இருந்தால் பிடித்துக்கொள்ளலாம். கோபமே இல்லை.

"எப்படிம்மா போவேன்? நீ சொல்லாம இருந்திருந்தா போயிருப்பேன். அண்ணன்கிட்ட நீ சொல்லலை, அப்படி ஆயிடுச்சு. என்கிட்ட சொல்லிட்டே. அதுக்கு மேலயும் நான் போய், எனக்கு அங்க ஏதாவது ஆச்சுன்னா? ஒரு காய்ச்சல் வந்தாக் கூட நீ என்ன நினைப்பே? 'நான் வேண்டாம்னு சொன்னேனே'ன்னு உக்காந்திருப்பே. நீ இங்க அப்படி உக்காந்திருக்கறதை நினைச்சுக்கிட்டு நான் எந்த நிலத்தை அளக்க?"

"அப்படி நினைக்க மாட்டேன். சத்தியமா நினைக்க மாட்டேன்."

"நினைப்பேம்மா." மகள் நோட்டுக் கட்டை நகர்த்தி வைத்துவிட்டு, ஏதோ சின்னக் குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னாள். "நானும் நினைப்பேன். ரோட்டைத் தாண்டுறப்பவெல்லாம் நினைப்பேன். சொன்னதை நீ திரும்ப எடுத்துக்கலாம். நான் கேட்டதை எங்க கொண்டுபோய் வைக்கறது?"

அவள் மகளின் முழங்காலைத் தொட்டாள்.  அவள் மகள்தானே, எந்தக் கட்டத்தையும் விட்டுவைக்க மாட்டாள்.

"அடுத்த வருஷம்..." என்று தொடங்கினாள்.

"ம், பாக்கலாம்" என்றாள் கடுகு. வீட்டுக்கு வருகிற விற்பனைக்காரர்களிடம் சொல்கிற "பாக்கலாம்."

ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது போன் அடித்தது. கல்லூரி ஆபீஸிலிருந்து யாரோ பெண். கடுகு அண்ணனின் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றே பேசினாள். வீட்டில் இருந்த மூன்று பேரும் மூன்று மூலையில் அசையாமல் நின்றார்கள்.

"ஆமா மேடம், நான்தான்... இல்லைங்க மேடம். வரலை... இல்லை, இல்லை, வீட்டுல ஒண்ணும் சொல்லலை. எங்க வீட்டுல எதுக்கும் வேண்டாம்னு சொல்ல மாட்டாங்க. நானேதான். வரிசையில அடுத்து யார் இருக்காங்களோ அவங்களுக்குக் குடுத்துடுங்க... தேங்க்ஸ் மேடம். உங்களுக்கும்."

நாத்தனார் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டாள். வீட்டுக்காரர் ஓர் அடி முன்னால் வைத்தார். "கடுகு, நீங்க..." என்று ஆரம்பித்தார்.  அறையில் இருட்டிக்கொண்டு வந்தது. யாரும் விளக்குப் போடவில்லை. போட்டால் அந்த நாள் முடிந்துவிடும் என்று எல்லாருக்கும் தெரியும். கடைசியில் கடுகுதான் போய் சுவிட்சைத் தட்டினாள். பிறகு கட்டிலுக்குத் திரும்பி, கைக்குட்டையால் அண்ணனின் வாயோரத்தைத் துடைத்துவிட்டாள்.

"என்ன சார், முறைக்கிறீங்க? நான் எங்கயும் போகலை. உங்க தொல்லை என்னை விடுமா?" என்று வழக்கமான கேலியோடு சொன்னாள். பெரியவனின் தொண்டையிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. அது என்ன சொல்கிறது என்று அந்த ஒரு தரம் அம்மா யோசித்துப் பார்க்கவில்லை. பயமாக இருந்தது.

"அம்மா, மணி ஏழாகப் போகுது. நாளைக்கு நீ காலையில ஒன்பது மணிக்கே கடைக்குக் கிளம்பிடு. இவனை நான் பாத்துக்கறேன்."

நீலச் சட்டையின் கையை முழங்கை வரை மடித்துவிட்டுக்கொண்டு, கட்டிலின் எதிர்ப்பக்கம் போய், அண்ணனின் முழங்காலை மடக்க ஆரம்பித்தாள் மகள். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு தரம். அடுத்த நாளைக்கும் பன்னிரண்டு.

"சரி" என்றாள் அவள். பன்னிரண்டு நாளாகச் சொல்லிப் பழகிய சொல் இப்போது எந்தச் சிரமமும் இல்லாமல் வந்தது.